கோத்தகிரிக் கல் வீட்டில் ஜெல்லிஃபின்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவில் கட்டப்பட்டது. சாலை மட்டத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன. அங்கிருந்து பதினொரு படி இறங்கினால் தாத்தா காலத்துக் கூடம். அதன் சுவர்கள் ஒன்றரை அடிக் கனமுள்ள கருங்கல். இணைய இணைப்பு கம்பத்திலிருந்து மேல் அறைக்கு வருகிறது. தொலைக்காட்சி கீழ்க் கூடத்தில் கணப்படுப்புக்கு எதிரே இருக்கிறது, ஏனென்றால் ஐப்பசியில் குளிர் இறங்கிவிட்டால் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் இடம் அதுதான். மேல் அறைக் கணினியில் இருக்கும் படம் கீழ்க் கூடத்துக்குத் தடங்கலின்றி வந்துசேர வேண்டும் என்பதே என் தேவை. அதற்காகப் பதினான்கு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளையும், அதை ஓட்டுவதற்கென்று வாங்கிய சிறு கணினியையும் பற்றியது இந்த மதிப்புரை. தொடக்கத்தில் பல மாதங்கள் படம் நின்று நின்றே ஓடியது; பிறகுதான் சீரானது. ஒரே பழுது என்று எண்ணி நான் தேடியது ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் இருந்ததால், மென்பொருளைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அந்தத் தேடலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெல்லிஃபினை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த படங்கள், பாடல்கள், நிழற்படங்கள் ஆகியவற்றை அதே வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைபேசி, உலாவி எதிலிருந்தும் பார்க்கும்படி பரிமாறுவது இதன் வேலை. எம்பி என்ற மீடியா சர்வர் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த நிரலிலிருந்து பிரிந்து 2018 டிசம்பரில் இது தோன்றியது. தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள், யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, கட்டணம் கட்டினால்தான் திறக்கும் பகுதி என்று எதுவும் இதில் இல்லை. பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் நம் கணினியிலேயே இருப்பதால், உள்நுழைவதற்கு வெளியே எங்கும் போய் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்ன இயல்பு சமவெளியில் இருப்பவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. மலையில் அதன் மதிப்பே வேறு. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் எப்போதும் வலுவாகவே பெய்யும். சென்ற கார்த்திகையில் எங்கள் சாலையில் கற்பூர மரம் ஒன்று சாய்ந்து கம்பத்துக் கம்பிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு விழுந்தது. மின்சாரம் மறுநாள் வந்துவிட்டது. இணையம் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும், வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கீழ்க் கூடத்தில் படம் ஓடியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் சேவைகள் எத்தனை வைத்திருந்தாலும் அந்த மூன்று நாளில் அவை பயன்பட்டிருக்கப்போவதில்லை. மலையில் வீடு உள்ளவர்கள் இப்படியொரு சர்வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

எங்கள் சேகரிப்பில் மூன்று வகை இருக்கின்றன. கடையில் வாங்கிய டிவிடி, ப்ளூரே தட்டுகளிலிருந்து எடுத்து வைத்தவை. கைபேசியில் நாங்களே எடுத்த காணொளிகள். பழைய விஎச்எஸ் கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றியவை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு முப்பது ஆண்டுகள் இருந்தவர். படம் சரியாக ஓடாதபோது அவர் மூன்று வெவ்வேறு சொற்களைச் சொல்வார்: “சுத்துது”, “தத்துது”, “கோடு கோடா வருது.” எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. படம் நடுவில் உறைந்து திரையில் வட்டம் சுழல்வது முதலாவது; நிற்காமலேயே ஓட்டத்தில் ஒரு சிறு துள்ளல் விட்டு விட்டு வருவது இரண்டாவது; அசையும் உருவங்களின் ஓரம் பிசிறடிப்பது மூன்றாவது. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைப் பிரித்தறிந்து பழகியவர் சொன்னதை அன்றே காதில் வாங்கியிருந்தால் எனக்கு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்; அந்த மூன்று சொற்களுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன.

வட்டம் சுழல்வதைக் கண்டதும் நான் முதலில் செய்தது இணையத் திட்டத்தை உயர்த்தியது. கூடுதல் வேகத்துக்கு மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டினேன். படம் முன்போலவே நின்றது. வீட்டுச் சர்வரில் இருக்கும் படம் வீட்டு ரூட்டர் வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போகிறது. வீட்டு வாசலை அது தாண்டுவதே இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு நொடிக்கு நூறு மெகாபிட்டாக இருந்தாலும் முந்நூறாக இருந்தாலும் அதற்கும் இந்தத் தடங்கலுக்கும் தொடர்பில்லை. இதே காரணத்துக்காகத் திட்டத்தை உயர்த்தியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையான விடை ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்திலேயே இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால், யார் எந்தக் கருவியில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு சிறு கட்டம் தெரியும். அதிலுள்ள தகவல் குறியை அழுத்தினால் படம் எந்த வழியில் போகிறது என்று சொல்லும். கோப்பு உள்ளது உள்ளபடி போனால் அது டைரக்ட் ப்ளே. கருவிக்குப் புரியும் வேறு வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்பினால் அது ட்ரான்ஸ்கோடிங். மாற்ற நேர்ந்ததன் காரணத்தையும் அங்கேயே எழுதிக் காட்டுவது இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த பண்பு என்பேன். வீடியோ வடிவம் ஏற்கவில்லையா, ஒலி வடிவம் ஏற்கவில்லையா, சப்டைட்டிலா, பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) வரம்பா என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறது. என் திரையில் வீடியோ வடிவம் ஏற்கவில்லை என்று இருந்தது.

அப்போது சர்வராக இருந்தது 2012இல் வாங்கிய மடிக்கணினி. கூடத்தில் இருந்தது பழைய எச்டி தொலைக்காட்சி. கைபேசிக் காணொளிகளோ எச்.265 என்ற புதிய வீடியோ வடிவத்தில், 4கே அளவில், நொடிக்கு 60 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) கொண்டவை. எச்.264 என்ற பழைய வடிவம் 2003இல் வந்தது. அதை ஓட்டாத தொலைக்காட்சி இன்று அரிது. எச்.265 பத்தாண்டு கழித்து 2013இல் வந்தது. ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் பிரித்துப் படிக்கக் கணக்கு வேலை மிகுதி. அந்த வேலைக்கென்றே தனி மின்சுற்று இன்டெல் சில்லுகளில் ஆறாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வண்ணத்துக்கு ஏழாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மடிக்கணினிக்கு அந்தச் சுற்று இல்லாததால், எல்லாவற்றையும் கணினியின் பொது மூளையான சிபியுவே தலைமேல் போட்டுக்கொண்டு செய்தது. சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது ஸ்பீடு என்ற இடத்தில் 0.62 என்று இருந்தது. ஒரு நொடி படத்தை மாற்ற ஒன்றரை நொடிக்கு மேல் ஆகிறது என்பது அதன் பொருள். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை படம் நின்றே தீரும். ரூட்டரை மாற்றினாலும் கம்பியை மாற்றினாலும் தீராது.

அதன் பிறகுதான் இன்டெல் என்100 சில்லு உள்ள சிறு கணினியை வாங்கினேன். இது 2023இல் வெளிவந்த சில்லு. நான்கு கருக்கள் (கோர்), 6 வாட் வகை. இரண்டு சோப்புப் பெட்டிகளை அருகருகே வைத்த அளவுதான் கணினி இருக்கிறது. எட்டு ஜிபி நினைவகத்தோடு 16,000 ரூபாய் ஆனது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் சேர்த்து, மின்சாரத்தை அளந்து பார்த்தபோது சராசரியாக 12 வாட் எடுத்தது. இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 17 யூனிட்டைச் சற்றே தாண்டும். பழைய மடிக்கணினி இதைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொண்டிருந்தது.

கணினியை மாற்றிய அன்று மாலையும் வட்டம் சுழன்றது. மனம் உடைந்துபோகும் நேரம் அது. சில்லில் சுற்று இருந்தால் மட்டும் போதாது. ஜெல்லிஃபினில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்ற அமைப்பு முதலில் அணைந்தே இருக்கும், அதை நாமே போய்த் திறக்க வேண்டும். இன்டெல் சில்லுக்குக் குயிக் சிங்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த வடிவங்களுக்கு என்று குறியிட்டுச் சேமிக்க வேண்டும். லினக்ஸில் ஓட்டுபவர்கள் ஜெல்லிஃபின் பயனரை ரெண்டர் என்ற குழுவில் சேர்க்கவும் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கிராஃபிக்ஸ் சுற்றை அது தொடவே முடியாது. இவற்றைச் செய்து முடித்ததும் அதே காணொளிக்கு அந்த ஸ்பீடு எண் மூன்றைத் தாண்டியது.

இங்கே வண்ணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நண்பர் குடும்பத்தோடு பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போயிருந்தபோது எடுத்த காணொளி அது. வெள்ளை உடுத்தி வரிசையாக நடந்துவரும் கூட்டம், மார்கழி வெயில், பின்னால் தேயிலைப் பச்சை. கைபேசி அதை, ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வீச்சைக் கூடுதலாகப் பதியும் எச்டிஆர் முறையில் பதிந்திருந்தது. பழைய தொலைக்காட்சியில் ஓடியபோது வேட்டிகள் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரிந்தன, பச்சை வெளிறிப்போயிருந்தது. அந்த வீச்சைச் சாதாரணத் திரைக்கேற்பச் சுருக்கும் டோன் மேப்பிங் என்ற குறியை இட்ட பிறகே வெள்ளை வெள்ளையாக வந்தது. படம் நிற்காமல் ஓடினால் போதும் என்று விட்டுவிடாமல், ட்ரான்ஸ்கோடிங் நடக்கும் வீடுகளில் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் செய்த தொல்லை எதிர்பாராதது. என் மனைவி வடநாட்டில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வேகமான வசனங்களுக்கு ஆங்கில எழுத்து கீழே ஓட வேண்டும். எழுத்தைப் போடாமல் பார்த்தால் டைரக்ட் ப்ளேயில் அருமையாக ஓடும் ப்ளூரே படம், எழுத்தைப் போட்டவுடன் மடிக்கணினிக் காலத்தில் திணறியது. டிவிடி, ப்ளூரே தட்டுகளில் சப்டைட்டில் என்பது எழுத்தாக இருப்பதில்லை, சிறுசிறு படங்களாக இருக்கிறது. அந்தப் படங்களைத் தனியாகக் காட்டத் தெரியாத கருவிகளுக்கு, சர்வர் அவற்றை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் பொறித்து, முழுப் படத்தையும் மறுபடி சுருக்கி அனுப்புகிறது. இரண்டு வரி எழுத்துக்காக நொடிக்கு 30 மெகாபிட் படம் முழுவதையும் உடைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. எஸ்ஆர்டி வடிவத்திலுள்ள சப்டைட்டில் வெறும் எழுத்து. அதைத் தொலைக்காட்சியே வரைந்துகொள்ளும். படச் சப்டைட்டிலை எழுத்தாக மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. நாங்கள் அடிக்கடி பார்க்கும் பன்னிரண்டு படங்களுக்கு மட்டும் அப்படி மாற்றி, பிழை திருத்தி வைத்தேன். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. புதிய கணினி வந்த பிறகு பொறித்து அனுப்புவதும் தடையின்றி நடக்கிறது என்றாலும், படத்தை முன்னே தள்ளும்போது ஏற்படும் தாமதம் எழுத்து முறையில் இல்லை.

ஆறு மாதம் முன்பு கூடத்துக்கு 4கே தொலைக்காட்சியும் அதனோடு ஓர் ஆண்ட்ராய்டு டிவி பெட்டியும் வந்தன. பழையது மேல் அறைக்குப் போனது. புதிய பெட்டிக்கு எச்.265 தெரியும், மாற்றும் வேலையே இனி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். முதல் இரவே அப்பாவின் குரல்: “கண்ணு, மறுபடியும் சுத்துது பாரு.”

நிர்வாகப் பக்கம் இந்த முறை காட்டிய காரணம் பிட்ரேட் வரம்பு. பெட்டியிலுள்ள ஜெல்லிஃபின் செயலியில் தரம் தானியங்கி என்ற நிலையில் இருந்தது. தொடர்பின் வேகத்தைத் தானே சோதித்து, இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு வரம்பைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை மாற்றி அனுப்பச் சொல்லி சர்வரைக் கேட்டது. வரம்பை நான் கையால் உயர்த்தினேன். டைரக்ட் ப்ளே ஆனது; வட்டம் முன்னிலும் மோசமாகச் சுழன்றது. செயலி போட்ட வரம்பு சரியானதே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மாற்றாமல் அனுப்பும்போது சர்வரின் சுமை குறைகிறது, ஆனால் அந்தச் சுமை முழுவதும் இணைப்பின் மேல் ஏறுகிறது. 4கே அளவில் 60 சட்டத்தோடு எடுத்த கைபேசிக் காணொளி நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மெகாபைட். கணக்கிட்டால் நொடிக்கு 53 மெகாபிட். முன்பு மாற்றி அனுப்பியபோது பத்து மெகாபிட்டில் போனது, இப்போது ஐம்பத்து மூன்றாகப் போக வேண்டும். எங்கள் கருங்கல் சுவர் அதற்கு வழிவிடவில்லை.

இரு கணினிகளுக்கிடையே இணைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற சிறு மென்பொருளை சர்வரிலும் மடிக்கணினியிலும் போட்டு, படிப்படியாக இறங்கி அளந்தேன். மேல் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நொடிக்கு 400 மெகாபிட்டைத் தாண்டியது. ஆறாம் படியில் 180. கூடத்துக் கதவு திறந்திருந்தால் 60, சாத்தினால் 20, அதுவும் நடுநடுவே பூச்சியத்தைத் தொட்டுவிட்டு வந்தது. அதிர்வெண் கூடக்கூடச் சுவர் கூடுதலாக உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு துளைத்து வந்து நிலையாக நின்றது, ஆனால் 30க்கு மேல் ஏறவில்லை. குளிருக்குக் கதவைச் சாத்துகிற நேரமும் படம் பார்க்கிற நேரமும் எங்கள் வீட்டில் ஒன்றே என்பதால், இது கம்பியால் மட்டுமே தீரும் என்று முடிவு செய்தேன். இரண்டு வைஃபை பெருக்கிகளை வாங்கிச் செலவழித்திருக்கக்கூடிய பணத்தை இந்த அரைமணி நேர அளவீடு காப்பாற்றியது.

மேல் அறைச் சன்னலிலிருந்து வெளிச்சுவர் வழியாகக் கீழே இறக்கிக் கூடத்துக்குள் நுழைக்க 22 மீட்டர் லேன் கேபிள் தேவைப்பட்டது. கடையில் இருந்த கம்பி 15 மீட்டர். ஊரில் கம்பி வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நடுவில் இணைப்பான் போட்டு ஒட்டுக் கொடுத்தார். பத்து நாட்கள் கண்ணாடிபோல் ஓடியது. பிறகு சில மாலைகளில் மட்டும் வட்டம் வந்தது, மற்ற நாட்களில் இல்லை. எந்தப் படம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. எத்தனை மணி என்பதற்கும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். “பனி மூட்டம் இறங்கற அன்னிக்குத்தாம்ப்பா நிக்குது. துணி காயாத நாளா பாத்துக்கோ” என்றார். மறுநாள் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தேன். உள்ளே ஈரம் கோத்திருந்தது. எட்டு ஊசிகளில் மூன்றின்மேல் பச்சைக் களிம்பு ஏறி, ஒன்று தொட்டாலே உதிர்ந்தது. லேன் கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் ஜிகாபிட்டுக்குரிய (நொடிக்கு 1000 மெகாபிட்) பச்சை விளக்குக்குப் பதிலாக மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் பல நாள் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு இழைச் சோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு சோடி கெட்டால் வேகம் சத்தமில்லாமல் கீழே இறங்கும். அடுத்ததும் நனைந்தால் இணைப்பே விட்டு விட்டு வரும்.

இப்போது வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறையிட்ட கேட்6 வகை லேன் கேபிள், முழுச் செம்பு, ஒட்டே இல்லாத ஒரே நீளம். விலை குறைந்த கேபிள்களில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியிருப்பார்கள். கடையில் முனையைச் சுரண்டிப் பார்த்து வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள். சுவருக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டிருக்கிறேன். மழைநீர் அந்த வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. சித்திரை, வைகாசியில் இடி மின்னல் அடிக்கும் மாலைகளில் இரு முனையையும் கழற்றி வைத்துவிடுகிறோம். டிவி பெட்டியின் லேன் துளை 100 மெகாபிட் வகைதான், ஆனாலும் 53க்கு அது தாராளம். ஆகப் பெரிய 4கே ப்ளூரே கோப்புகளை உள்ளது உள்ளபடி ஓட்ட விரும்புகிறவர்கள் மட்டும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டுகளின் உச்ச வேகம் 128 மெகாபிட் வரை போகலாம் என்பதால் அதற்கு ஜிகாபிட் துளை உள்ள பெட்டியே பொருத்தம். அந்த நாளிலிருந்து “சுத்துது” என்ற சொல் எங்கள் கூடத்தில் எழவில்லை.

“தத்துது” மட்டும் எஞ்சியிருந்தது. காமிரா ஒரு மலைச்சரிவை மெல்லத் தடவிச் செல்லும் காட்சிகளில் தெளிவாகத் தெரியும். டைரக்ட் ப்ளே, கம்பி இணைப்பு, சர்வர் ஓய்வாக இருக்கிறது, எங்குமே குறையில்லை. ஆனாலும் மரங்கள் ஒரு சீராக நகராமல் துள்ளித் துள்ளி நகரும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் கொண்டது. தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் இரண்டரை. ஒரு சட்டத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையுமாகக் காட்டித்தான் கணக்கை நேர்செய்ய முடியும். அந்த ஏற்றத்தாழ்வே அப்பாவின் கண்ணுக்குத் தத்தலாகப் பட்டது. ஜெல்லிஃபினின் ஆண்ட்ராய்டு டிவி செயலியில் புதுப்பிப்பு வீதத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவிட்டதும், படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்து, பிறகு 24க்கு மாறிக்கொள்கிறது. தத்தல் போய்விட்டது. இந்தத் தொல்லைக்காக ரூட்டரையும் சர்வரையும் குறை சொல்லி மாற்றுகிறவர்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள்.

ஜெல்லிஃபினிடம் எனக்குள்ள மனக்குறை, அமைப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பது. தொலைக்காட்சிச் செயலி ஒன்றைச் சொல்லும், சர்வர் ஒன்றைச் சொல்லும், பயனர் கணக்கில் மூன்றாவது வரம்பு இருக்கும். விளக்கக் குறிப்புகள் விரிவாகவும் நேர்மையாகவும் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் ஆங்கிலம் வராதவருக்கு அவை எட்டாது. ஒரே பெயரில் பல பத்தாண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்கள் உள்ளதால், கோப்புறையின் பெயரோடு ஆண்டையும் எழுதிவைக்காவிட்டால் வேறொரு படத்தின் சுவரொட்டி வந்து உட்காரும். மின்வெட்டு மிகுந்த ஊரில் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஹார்ட் டிஸ்கும் ஜெல்லிஃபினின் தரவுத்தளமும் கெடக்கூடும். இவற்றுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் ஐந்துக்கு அரை குறைப்பேன். அதற்கு மேல் குறைக்க மனம் வராது.

மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். 1994இல் நடந்த அத்தை மகள் திருமணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். நம் நாட்டு விஎச்எஸ் நொடிக்கு 25 சட்டங்கள், ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிந்தது. இரு பாதிகளையும் அப்படியே ஒன்றாக அடுக்கிக் காட்டினால், அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதுவரை டைரக்ட் ப்ளேதான் நல்லது என்று எழுதிவந்த நான், இந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டுமென்றே பிட்ரேட் வரம்பைக் குறைத்து ட்ரான்ஸ்கோடிங் செய்ய வைத்தேன். அப்போது ஜெல்லிஃபின் இரு பாதிகளையும் பிரித்துச் சீராக்கியே அனுப்புகிறது. கோடுகள் மறைந்தன. தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் இரண்டு முறை குதிக்கிறது. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன், எந்தப் பிழையும் இல்லை. கேசட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நாடா அந்த இடத்தில் மடிந்து கசங்கியிருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த வீடு இது. அந்தக் குதிப்பை நான் அப்படியே விட்டுவிட்டேன்.